அடித்தவனே எடுக்க வேண்டும்

எங்கள் தோட்டத்தில் பந்து விளையாடும் இடத்தை மைதானம் என்று சொல்பவர்களுக்கு வெட்கம் என்பதே கிடையாது. பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் தட்டையான நிலம் என்று ஒன்று இருந்திருந்தால் வெள்ளைக்காரன் அதிலும் தேயிலையை நட்டிருப்பான். அவன் வேண்டாம் என்று விட்டுவைத்தது, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் நடுவில் சரிந்து கிடக்கும் இந்த ஒரு துண்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பள்ளம் என்றால் சும்மா பள்ளம் இல்லை. கீழ்ப்பிரிவுத் தேயிலை மலை முழுக்க இறங்கி ஆற்றில் போய்த்தான் முடியும். மேட்டுப் பக்கம் ஒரு கோல், பள்ளத்துப் பக்கம் ஒரு கோல், இரண்டுக்கும் டர்பன்டைன் மரக் கம்புகள். இதற்கு ஒரு விளையாட்டுக் கழகம், அதற்கு ஒரு தலைவர், செயலாளர், போஷகர். விளையாடுகிறவர்களைவிடப் பதவியில் இருக்கிறவர்கள்தான் அதிகம்.

நான் குணமணி. அந்த மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் பிள்ளை மடுவத்தை நடத்துகிறேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகை மாறியது, பீத்துணி மாறவில்லை. இந்தத் தோட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே யார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாலும், அவன் எப்போது நடக்கத் தொடங்கினான், எத்தனை வயது வரைக்கும் தொட்டிலை நனைத்தான் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கு யார்மேலும் சட்டென்று மரியாதை வருவதில்லை. அதை என் தொழிலின் கோளாறு என்றுதான் சொல்ல வேண்டும்.

கழகத் தலைவர் ரஜீவையும் நான்தான் தூக்கி வளர்த்தேன். பதுளையில் ஏதோ ஒரு கம்பனியில் வேலை. சனி ஞாயிறில் தோட்டத்துக்கு வந்தால் வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்பான். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியதாகச் சொல்லிக்கொள்வான். எந்தக் காலம் என்று கேட்டால் போன் வந்ததுபோல் நகர்ந்துவிடுவான். குழந்தையில் யாராவது ஒருத்தி சோறூட்டினால்தான் சாப்பிடுவான், அந்தக் குணம் போகவில்லை. அவன் மைதானத்தில் எழுதாத சட்டம் ஒன்றைக் காப்பாற்றி வந்தான். அவன் உண்டாக்கியது இல்லை, அவனுக்கு முந்தியவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. சட்டம் இதுதான்: பந்து பள்ளத்தில் போனால் அடித்தவனே எடுக்க வேண்டும்.

கழகத்துக்கு எப்போதும் ஒரு பந்துதான். அது போனால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். எல்லோரும் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் லயத்துக்குப் போய்ப் பிளேன்டி குடித்துவிட்டே வருவார்கள். அடித்தவன் மட்டும் பள்ளத்தில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் பூந்து, வடிகான் வடிகானாகத் தேடி, காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம் வழிய மேலே வருவான். வந்த பிறகுதான் ஆட்டம் தொடரும். எடுக்காமல் வீட்டுக்கு நழுவியவனை யாரும் மறுபடி சேர்க்க மாட்டார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவன் அப்பனைக்கூட விட மாட்டார்கள். "ஒன் மகன் பந்தப் போட்டுட்டு ஓடிட்டானாமே" என்று கணக்கப்பிள்ளை முன்னாலேயே கேட்பார்கள். பந்தைத் தொலைத்தவனைவிட, எடுக்கப் போகாதவன்தான் இங்கே கேவலமானவன்.

இதனால் என்ன ஆயிற்றென்றால், எங்கள் பையன்கள் யாருமே பந்தை ஓங்கி அடிக்க மாட்டார்கள். பள்ளத்துக் கோலுக்குப் போகிறவன் கம்பு வரைக்கும் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டே போய், உள்ளே மெல்லத் தட்டிவிட்டு, அது ஓடிவிடாமல் தானே பாய்ந்து பிடித்துக்கொள்வான். நிறைந்த கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பது மாதிரி அவ்வளவு பத்திரமாகக் கோல் வைப்பான். தலைவருக்கு மட்டும் சட்டம் கிடையாது. ரஜீவ் ஓங்கி அடித்து, அது பள்ளத்தில் போனால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிற்பான். யாராவது ஒரு பையன் தானாக இறங்குவான். தலைவர் அடித்தது தப்பாகப் போகாது, பள்ளம்தான் தப்பான இடத்தில் இருக்கிறது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

மதுசூதனன் கதைக்கு வருகிறேன். வீட்டில் சூதன். அப்பா முருகையா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா சந்திரமலர் கொழுந்துக்காரி. மடுவத்தில் கிடந்த காலத்தில் அழாத பிள்ளை. பசித்தாலும் அழாது, விழுந்தாலும் அழாது, யாராவது வருவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அழுகிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும், அவை பிழைத்துக்கொள்ளும். அழாத பிள்ளைகளைக் கண்டால்தான் பயம். அதுகள் வளர்ந்து எதையாவது நம்பித் தொலைக்கும்.

பதினைந்து வயது வரைக்கும் அவன் பந்தைத் தொட்டதில்லை. கட்டாரில் உலகக் கிண்ணம் நடந்தபோது ரஜீவ் கழகச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினான். தோட்டமே கூடிவிட்டது. உலகப் படத்தில் எங்கே இருக்கிறதென்று தெரியாத தேசங்களுக்காக எங்கள் ஆட்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். பெரட்டுக்கு நேரத்துக்குப் போக முடியாதவர்கள், இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் தூங்காமல் இருந்தார்கள். கிண்ணம் முடிந்ததும் எல்லோரும் துணியை மடித்து வைத்துவிட்டுத் தங்கள் வேலைக்குப் போனார்கள். சூதன் மட்டும் போகவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே மைதானத்தின் மேட்டுச் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். நான் மடுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளும் நின்றான். பனியோ மழையோ, பள்ளிக்கூடம் போகும் முன்பு ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை. தட்டித் தட்டி, பந்து அவன் காலை விட்டுப் போகாத அளவுக்கு வந்துவிட்டது. சரிவில் மேலே ஏறும்போதும் போகாது, கீழே இறங்கும்போதும் போகாது. அவனைச் சுற்றி நாலு பேர் நின்றாலும் அவர்கள் கால்களுக்கு நடுவில் வளைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் ஒருவனுக்குக் கைவந்துவிட்டது என்றால் தெரியும்.

ஒருநாள் மடுவத்து வாசலில் தண்ணீர் குடிக்க வந்தான்.

"பெரியம்மா, பந்து வெளையாடுறதுக்குக் கொழும்புல சம்பளம் குடுக்கிறாங்க, தெரியுமா?"

"யாருக்கு?"

"வெளையாடுறவங்களுக்குத்தான். பெரிய கழகமெல்லாம் இருக்கு. தங்க எடம், சாப்பாடு, எல்லாம் அவங்களே. அங்கருந்து வெளிநாட்டுக்கும் போகலாம்."

"ஒனக்கு யாருடா குடுக்கப் போறா?"

அவன் சிரித்தான். கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேலி பண்ணினால் கோபப்படுகிறவனுக்குச் சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இவனுக்குச் சந்தேகமே இல்லை.

முருகையாவுக்கு இது தெரிந்தபோது அவர் கத்தவில்லை. அவருக்குக் கத்தத் தெரியாது. கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "பந்து ஒதைச்சா பேர் போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பாஷையில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வோம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். மலர்தான் மகன் பக்கம் நின்றாள். அவளுக்கு ஆட்டத்தில் நம்பிக்கை இருந்ததென்று நான் நினைக்கவில்லை. மகன் மலையில் ஏறக் கூடாது, அப்பன் கத்தியையும் தன் கூடையையும் அவனிடம் கொடுத்துவிட்டுத் தாங்கள் சாகக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு அவன் பந்து உதைத்தாலும் சரி, வானத்தில் பறந்தாலும் சரி. சாதாரணதரப் பரீட்சை வந்து, போனது. பெறுபேற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாகரிகம்.

தோட்டத்துக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. இன்னும் எதுவுமே நடக்கவில்லை, அதற்குள் ரஜீவ் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தான். மாலை போட்டான், பொன்னாடை போர்த்தினான். ஊவா மாகாணத்தின் விடிவெள்ளி என்று பதாகை அடித்தான், அதில் சூதன் படம் சின்னதாகவும் ரஜீவ் படம் பெரியதாகவும் இருந்தன. ஓர் அரசியல்வாதி ஜேர்சி கொடுத்தார். நெஞ்சிலும் முதுகிலும் அவர் சிரிக்கிறார். பையன்கள் ஓடினால் பதினொரு அரசியல்வாதிகள் ஓடுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு செய்தவர்கள் இரண்டாவது பந்து ஒன்று வாங்கவில்லை. பள்ளத்துப் பக்கம் ஒரு வலை கட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தைப்பொங்கல் போட்டிக்கு நடுவராகப் பதுளையிலிருந்து பவாஸ் நானா வந்தார். பதுளைக் கடைவீதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர், இளமையில் நன்றாக ஆடியவர் என்று சொல்வார்கள். அவராகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டம் முழுக்க விசிலை ஊதுவதை மறந்து சூதனையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மடுவத்துத் திண்டில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிளேன்டியைக் குடித்துக்கொண்டே அவனைக் கூப்பிட்டார்.

"மகன், காலு நல்ல காலு. ஆனா கோல் முன்னுக்கு இருக்கு, நீ ஏன் அடிக்கல்ல?"

சூதன் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு, "தட்டியே போட்டுறலாம் நானா" என்றான்.

"பெரிய கிரவுண்டுல தட்ட விட மாட்டாங்க. தூரத்துல இருந்தே அடிக்கணும். அடிக்காதவன அவங்க எடுக்க மாட்டாங்க. வெளங்குதா?"

"அடிக்கிறேன் நானா."

அடிக்காததற்குக் காரணத்தை அவனும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கு அது ஒரு காரணமாகவே தெரியவில்லை. மழை பெய்தால் நனையும் என்று யாராவது விளக்கிக்கொண்டிருப்பார்களா? பவாஸ் நானா போகும்போது, கொழும்புக் கழகம் ஒன்று பதுளைக்கு வந்து பையன்களைத் தெரிவு செய்யப் போகிறது, தானே பெயர் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு சோடி சப்பாத்தும் கொடுத்தனுப்பினார். கடைக் கண்ணாடிக்குள் வெயில் பட்டு ஒன்று மட்டும் வெளிறிப்போயிருந்தது. சூதன் ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் சாம்பலுமாக ஓடினான்.

தெரிவு நடந்த சனிக்கிழமை தோட்டம் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது. விடியற்காலையில் மாரியம்மன் கோயிலில் பூசை, மேளம். பந்துக்கும் விபூதி பூசினார்கள். ரஜீவ் பேசினான், ஐயர் குறுக்கே மணியடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சூதனோடு இன்னும் இரண்டு பையன்களுக்கும் பவாஸ் நானா பெயர் கொடுத்திருந்தார். மலர் அன்றைய பேரை விட்டுவிட்டு வந்தாள். சிங்களம் நன்றாகப் பேச வரும் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மடுவத்தில் உதவிக்காரியை விட்டுவிட்டு நானும் போனேன். பசறைப் பாதையில் பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் மலர் கோயில் குங்குமப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பதுளை மைதானத்தைப் பார்த்ததும் நானே வாசலில் நின்றுவிட்டேன். அவ்வளவு தட்டை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும். சூதன் பந்தைப் புல்லில் வைத்துவிட்டுக் காலை எடுத்தான். குனிந்து பார்த்தான். பந்து உருளவில்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தான், உருளவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பந்து வைத்த இடத்தில் நிற்பதைப் பார்த்தான் பிள்ளை.

ஓரத்தில் வலைப்பை நிறையப் பந்துகள் இருந்தன. கோல்களுக்குப் பின்னால் மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பையன்கள் நின்றார்கள். நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். பார்த்து என்ன பிரயோசனம்? கண்ணால் பார்த்தது காலுக்குப் போய்ச் சேர வேண்டுமே.

ஆட்டம் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர் நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூதன் பந்தை வாங்கி மூன்று பேரைத் தாண்டியதும் ஒருவர் போனை வைத்தார். இன்னொரு தடவை தாண்டியதும் மற்றவர்களும் வைத்தார்கள். சரிவில் பழகிய கால், தட்டை நிலத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. அவர்களில் தொப்பி போட்டவர், பக்கத்தில் இருப்பவரிடம் அவன் எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். நான் மலரிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. இவ்வளவு காலம் நான் கேலி பண்ணியதெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அடுத்த தடவை அவன் பந்தோடு கோலுக்கு நேரே வந்தான். பவாஸ் நானா கோட்டோரம் நின்று, "அடி மகன், அடி" என்று கத்தினார். சூதன் ஒரு கணம் தயங்கினான். பிறகு அடித்தான். அதுவரைக்கும் அடிக்காமல் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அடித்தான் என்று நினைக்கிறேன். அப்படி ஓர் அடியை நான் பார்த்ததில்லை. பந்து கம்பத்துக்கு மேலே போய், வேலிக்கு மேலே போய், மதிலுக்கு மேலே போய், ரோட்டில் விழுந்தது. நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இப்படி ஓர் உதையா என்ற சிரிப்புதான். தொப்பிக்காரர் கையைக்கூடத் தட்டினார்.

சூதன் அதைப் பார்க்கவில்லை. அவன் ஓடிக்கொண்டிருந்தான். கோலைத் தாண்டி, மஞ்சள் சட்டைப் பையனைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பந்தை எடுக்க ரோட்டுக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் எங்கள் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மலர் பதறவில்லை. "பாத்துப் போடா, ரோட்டுல பஸ் வரும்" என்றாள். நல்ல பிள்ளை என்றே நானும் நினைத்தேன், யாரும் சொல்லாமலே போகிறானே என்று. கூட வந்திருந்த ரஜீவ் போனை எடுத்து யாரோடோ பேச ஆரம்பித்தான். எங்களோடு வந்த மற்ற இரண்டு பையன்களும் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம்தான் நின்றுவிட்டதே. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. மஞ்சள் சட்டைப் பையன் வேறொரு பந்தை எறிந்தான், கோல் காப்பவன் உதைத்தான், உட்கார்ந்திருந்த எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போய் எதிரணி கோல் போட்டது. பவாஸ் நானா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது.

சூதன் வருவதற்கு நேரமானது. பந்து ரோட்டுச் சரிவில் உருண்டு ஏதோ கடைக்கு முன்னால் கானுக்குள் விழுந்திருந்ததாம். அவன் திரும்பி வந்தபோது முழங்கை வரைக்கும் சாக்கடை. பந்தை மட்டும் ஜேர்சியில் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தான். முகம் நிறையச் சந்தோஷம். ஓடிவந்து மைதானத்துக்குள் பந்தை வைத்தான். மைதானத்தில் இப்போது இரண்டு பந்து, அவன் இடத்தில் வேறொரு பையன். விசில் ஊதினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை கெட்ட சிரிப்பு.

தொப்பிக்காரர் அவனைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எங்கே போனாய் என்று கேட்டார். பந்து எடுக்க என்றான், பள்ளிக்கூடச் சிங்களத்தில். யார் போகச் சொன்னது என்று கேட்டார்.

"நான்தானே அடிச்சேன்" என்றான் சூதன்.

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை கேட்டார். இவனும் இன்னொரு தடவை அதையே சொன்னான், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பவாஸ் நானா ஓடிவந்து ஏதேதோ சொன்னார், பையனுடைய தோட்டம் அப்படி, மைதானம் அப்படி என்று. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. காது கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார், கேட்காமல் மைதானத்தை விட்டுப் போகிறவனை வைத்து ஆட முடியாது, மூளையில் ஆட்டம் இல்லை, அதை இந்த வயதில் ஏற்ற முடியாது என்று. எழுந்து போகும்போது, பந்து எடுக்க ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மூளையில் ஆட்டம் இல்லையாம். இருபத்திரண்டு பேர் இருந்த இடத்தில் தான் செய்ததற்குத் தானே ஓடிப்போனவன் அவன் ஒருவன்தான், அதற்குப் பெயர் மூளை இல்லாமை.

"என்னக்கா சொல்றாரு?" என்று மலர் கேட்டாள்.

"பந்து கெடச்சிருச்சான்னு கேக்குறாரு" என்றேன்.

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சூதன் அவளிடம் சொன்னான். அப்போதும் அழவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தோட்டத்தில் ரஜீவ் வேறு கதை சொன்னான். மலையகத்துப் பிள்ளைகளை முன்னேற விடாத சதி என்று பேஸ்புக்கில் நீளமாக எழுதினான். நடக்கிற சதி நிறைய இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் இது எங்கள் கைவேலை. அதைச் சொன்னால் கழகத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்பான். அவன் எழுத்துக்கு நிறையப் பேர் கோபப்பட்டார்கள். கோபப்பட்டவர்களே சூதனைக் கண்டால் "என்ன, பந்து எடுக்கக் கெளம்பியாச்சா?" என்று கேட்டார்கள். விடிவெள்ளிப் பதாகையை யாரோ கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டார்கள். அது ஒன்றுதான் அந்தப் பதாகையால் உண்டான நன்மை.

சூதன் சில மாதம் அப்பாவோடு கவ்வாத்துக்குப் போனான். காலையில் சுவரில் பந்து தட்டுவதை மட்டும் விடவில்லை. அப்புறம் ஒருநாள் பவாஸ் நானாவிடமிருந்து போன் வந்தது. அவர் மனதில் அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தெரிந்தவர்களைப் பிடித்து, அதே கழகத்தின் மைதானத்தில் ஒரு வேலை வாங்கியிருந்தார். புல் வெட்டுவது, கோடு போடுவது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, ஆட்டம் நடக்கும்போது வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுப்பது. தொப்பிக்காரர் சிரித்துச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. மலரோ, மகனைக் கழகத்தில் எடுத்துவிட்டார்கள் என்று லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு விதத்தில் அவள் சொன்னது பொய்யில்லை.

போகும் அன்று மடுவத்துக்கு வந்தான்.

"உள்ளுக்குப் போயிட்டா போதும் பெரியம்மா. தெனமும் பயிற்சி முடிஞ்சதும் நானும் தட்டுவேன். அவங்க பாப்பாங்க. ஒருநாளைக்கு ஆள் கொறஞ்சா என்னையத்தான் கூப்பிடுவாங்க."

"ஒன்னையத்தான் கூப்பிடுவாங்க. ஆள் கொறஞ்சா புல் வெட்ட" என்றேன்.

அவன் சிரித்தான், அதே சிரிப்பு. வெளிறிய சப்பாத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். எனக்கு அவனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. இங்கே நின்று மட்டும் என்ன வாரிக் கொட்டப் போகிறான்?

போன மாதம் அந்தக் கழகத்தின் இறுதிப் போட்டியை போனில் நேரடியாகக் காட்டினார்கள். ரஜீவ் மறுபடியும் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டினான். நம் வீரன் களத்தில் என்று அறிவித்தான். வாய் கூசவில்லை. சூதனுக்கு இப்போது பத்தொன்பது வயது. போய் ஒன்றரை வருடமாகிறது. ஒருநாளும் ஆள் குறையவில்லை. இருந்தும் தோட்டம் முழுக்க வந்து உட்கார்ந்தது. மலரும் முருகையாவும் முன் வரிசையில். நான் ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மலருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கோலுக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில் அவன் நின்றான். துணியின் ஓரத்தில் வந்தபோதெல்லாம் எல்லோரும் விசிலடித்தார்கள். பந்து வெளியே வரும், ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பான், திரும்பி ஓடித் தன் இடத்தில் நிற்பான். "நல்லா வெரசா எடுத்துக் குடுக்கிறான்ல?" என்று மலர் என்னைக் கேட்டாள். நான் குழந்தையின் மூக்கைத் துடைத்தேன்.

கடைசியில் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மதிலைத் தாண்டிப் போய்விட்டது. அடித்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடியைக் கோதிக்கொண்டு நடந்தான். மறுபக்கத்திலிருந்து வேறொரு பந்து வந்தது, ஆட்டம் தொடர்ந்தது. சூதன் வாசல் பக்கம் ஓடி மறைந்தான்.

மலருக்கு விளங்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அடிச்சது அந்தப் பையன்தானே? நம்ம புள்ள ஏன் போறான்?"

"அங்க வெளையாடுறவங்க எல்லாருமே தலைவருங்க, மலரு" என்றேன்.

அவள் ரஜீவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்டம் எந்தப் பக்கம் போனாலும் துணியின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் யாரோ போட்ட கோலுக்குக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் சூதன் திரும்பி வந்தான். மேல்மூச்சு வாங்கியது. பந்தை மஞ்சள் சட்டையில் துடைத்துச் சுத்தமாக்கி, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான். அதை வாங்க அங்கே யாரும் இல்லை.